யூடிஎம் எண் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

யூடிஎம் என்பது சாம்பிளை இழுத்து அதன் வலிமையை அளக்கும் மிஷின். பிளாஸ்டிக் சோதனைக் கூடத்தில் மாதத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சு வரும்: "மிஷின்ல ஏதோ கோளாறு சார், சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம்." கூப்பிட்டால் அவர் வருவார், விசையை அளக்கும் லோடு செல்லைச் சரிபார்ப்பார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாளும் அதே எண்தான் வரும். கோளாறு பெரும்பாலும் மிஷினில் இருப்பதில்லை. சாம்பிளிலோ, அதைப் பிடித்த விதத்திலோ, அளந்த விதத்திலோ இருக்கும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். மார்க்கரில் எண் எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். எந்த இடத்தில் உடைந்தது, உடைந்த முகம் எப்படி இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. துண்டு இல்லாமல் வெறும் பிரிண்ட் அவுட்டோடு வருபவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, ஒப்பீட்டுச் சாம்பிள். ஒரே நாளில், ஒரே லாட் குருணையில், ஒரே மோல்டில் வார்த்த பாலிகார்பனேட் டம்பெல்கள் (இரண்டு முனையும் அகன்று நடு குறுகிய சோதனைத் துண்டுகள்) நூறை வாங்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் கலக்காத பாலிகார்பனேட்டின் மாடுலஸ் (விறைப்பின் அளவு) 2300 முதல் 2400 மெகாபாஸ்கலுக்குள் வரும். யீல்ட் (சாம்பிள் இளகிக் கொடுக்கத் தொடங்கும் இடம்) 60 சொச்சம். காற்றின் ஈரத்துக்கு இந்த எண்கள் பெரிதாக அசையாது. மிஷின் ஒழுங்காக இருக்கும் நாளில் பத்தை இழுத்து சராசரியைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சந்தேகம் வரும் நாளில் மூன்றை இழுத்துப் பாருங்கள். சுவரில் இருக்கும் எண்ணே வந்தால் மிஷினை விட்டுவிட்டு சாம்பிளைப் பாருங்கள். வராவிட்டால் சாம்பிளைப் பிடிக்கும் கிரிப், அதன் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர், லோடு செல் பக்கம் போகலாம். சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்ற சண்டையை எங்கள் கூடத்தில் இந்த மூன்று டம்பெல்தான் தீர்த்து வைக்கிறது.

## அறிகுறி: டம்பெல் நடுவில் உடையாமல் கிரிப் ஓரத்தில் உடைகிறது

ஐந்தில் ஒன்று அப்படி உடைந்தால் அதைக் கழித்துவிட்டு இன்னொன்றை இழுங்கள். ஐந்தில் மூன்று உடைந்தால் காரணம் தேட வேண்டும்.

### உடைந்த இடத்தில் பற்களின் ஆழமான தடம் இருக்கிறது

இறுக்கம் அதிகம். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நழுவிவிடுமோ என்று பயந்து கிரிப்பை முறுக்குவார்கள். பாலிஸ்டைரீன், அக்ரிலிக் மாதிரி முறியும் பிளாஸ்டிக்கில் அந்தத் தடத்திலிருந்தே விரிசல் கிளம்பும். இறுக்கத்தைக் குறையுங்கள். அப்போது நழுவினால் சாம்பிளுக்கும் பல்லுக்கும் நடுவில் நைசான உப்புத்தாள் துண்டு வையுங்கள், சொரசொரப்புப் பக்கம் சாம்பிளைப் பார்த்து இருக்கட்டும். இதற்கும் சரியாகாவிட்டால் நுண்பல் ஜா (கிரிப்பின் தாடை) வாங்க வேண்டியதுதான்.

### தடம் இல்லை, ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தில் உடைகிறது

சாம்பிள் சாய்ந்து நிற்கிறது. மேல் கிரிப்பில் மாட்டிவிட்டு, கீழ் கிரிப்பை மூடுவதற்கு முன் சாம்பிள் நடுவில் தொங்குகிறதா என்று பாருங்கள். கீழே மூடும்போது அது ஒரு பக்கம் இழுபட்டால் இரண்டு கிரிப்பும் ஒரே கோட்டில் இல்லை. ஜாவின் பின்னால் சேர்ந்த பிளாஸ்டிக் தூளை பிரஷ்ஷால் தட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். ஆப்பு கிரிப்பில் ஒரு ஜா அழுக்கால் மாட்டிக்கொண்டு மற்றது மட்டும் நகர்ந்தாலும் இதே கதைதான். சுத்தம் செய்த பிறகும் கோடு தள்ளியே இருந்தால் நீங்களே சுத்தியலை எடுக்காதீர்கள். இது அலைன்மென்ட் செய்பவரின் வேலை.

### கழுத்தின் வளைவில் உடைகிறது

ஷீட்டிலிருந்து டையால் வெட்டிய சாம்பிளாக இருந்தால் விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். டையில் சின்ன மடிப்பு விழுந்திருந்தால் எல்லாச் சாம்பிளிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும். நீளவாக்கில் 400, அப்புறம் 600 உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீண்டும் இழுங்கள். குறுக்குவாக்கில் தேய்த்தால் புதிதாகக் கீறல் போட்ட மாதிரி ஆகும்.

## அறிகுறி: மாடுலஸ் டேட்டாஷீட்டில் பாதிதான் வருகிறது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டினீர்களா?

### மாட்டவில்லை

அப்படியானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சாம்பிளை இழுக்கும் கிராஸ்ஹெட் நகர்ந்த தூரத்தில் சாம்பிளின் நீட்சி மட்டுமா இருக்கிறது? ஜாவின் பல் பதிவது, ஆப்பு இறங்குவது, டம்பெல்லின் அகலத் தோள்கள் நீள்வது, ஃபிரேமே கொஞ்சம் வளைவது எல்லாம் அதில் சேர்ந்துதான் வரும். இழுவைச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 527 தரநிலை மாடுலஸைக் கணக்கிடுவது 0.05 சதவீத ஸ்ட்ரெயினுக்கும் (முதல் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பது ஸ்ட்ரெயின்) 0.25 சதவீத ஸ்ட்ரெயினுக்கும் நடுவில். 50 மி.மீ. அளவு நீளத்தில் (எக்ஸ்டென்சோமீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள தூரம்) இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ., அதாவது ஒரு ஏ4 தாளின் கனம். அந்தத் தாள் கனத்துக்குள் கிரிப்பின் நழுவலும் புகுந்தால் எண் எப்படி உருப்படும்? பாலிகார்பனேட்டில் 1200 வந்தது என்று அறிக்கையே கொடுத்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். இழுவலிமைக்குக் கிராஸ்ஹெட் போதும், மாடுலஸுக்குப் போதாது.

### மாட்டினோம், சரியாகப் பாதி அல்லது இரண்டு மடங்கு வருகிறது

'சரியாக' என்பதைக் கவனியுங்கள். சாஃப்ட்வேரில் அளவு நீளம் 25 என்று இருந்து, கருவி 50 மி.மீ. ஆக இருந்தால் ஸ்ட்ரெயின் இரண்டு மடங்காகி மாடுலஸ் பாதியாகும். எதிர்ப்பக்கம் மாறியிருந்தால் இரண்டு மடங்கு. முந்தைய ஷிஃப்ட் ரப்பர் இழுத்துவிட்டு செட்டிங்கை மாற்றாமல் போயிருப்பார்கள். விசை-நீட்சி கர்வ் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறினால் எக்ஸ்டென்சோமீட்டரின் பூட்டு ஊசியை எடுக்க மறந்திருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் ஒரு முறையாவது செய்வது.

### மாட்டினோம், சாம்பிளுக்குச் சாம்பிள் மாறுகிறது

எக்ஸ்டென்சோமீட்டரின் கத்தி முனை நழுவுகிறது. கர்வில் சின்னச் சின்னப் படிகள் தெரியும். கிளிப்பின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ரப்பர் மாற்றுவது காசில்லாத வேலை. முனை மாற்றினால் கருவியை மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

கர்வின் தொடக்கம் வாழைப்பழம் போல வளைந்து, அப்புறம் நேராகிறதா? சாம்பிள் தொய்வாக நின்றிருக்கிறது. சில நியூட்டன் முன்விசை கொடுத்து, ஸ்ட்ரெயினைச் சுழியாக்கிவிட்டு இழுங்கள். வளைந்த பகுதியில் சாஃப்ட்வேர் கோடு போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

### ஒப்பீட்டுச் சாம்பிள் சரியாக வருகிறது, நைலான் மட்டும் பாதி

மிஷினுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு தராசுக்கு வாருங்கள். நைலான் தண்ணீர் குடிக்கும். மோல்டிலிருந்து வந்த உலர்ந்த நைலான் 66 சுமார் 3 ஜிகாபாஸ்கல் காட்டும். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் அது குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்த பிறகு பாதியளவுக்கு இறங்கிவிடும். டேட்டாஷீட்டில் இரண்டு பத்தி இருக்கும், ஒன்று உலர்ந்ததற்கு, மற்றது ஈரம் ஏறியதற்கு. வாடிக்கையாளர் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். சென்னையில் ஐப்பசி மழையில் கவர் திறந்தபடி மேசையில் ஒரு வாரம் கிடந்த டம்பெல், எந்தப் பத்தியிலும் சேராது.

சோதிப்பது எளிது. ஒரு நைலான் டம்பெல் சுமார் 10 கிராம் இருக்கும். வார்த்தவுடன் எடையைக் குறித்து வையுங்கள். 0.1 கிராம் கூடியிருந்தால் ஒரு சதவீதத் தண்ணீர். உலர்ந்த எண் வேண்டுமென்றால் வார்த்த சூட்டோடு ஈரம் புகாத அலுமினியக் கவரில் சீல் வையுங்கள். ஈரம் ஏறிய எண் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1110 சொல்லும் 70 டிகிரி, 62 சதவீத அறையில் வையுங்கள். அறை வெப்பநிலையில் விட்டால் 4 மி.மீ. தடிமனுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

### எதுவும் பொருந்தவில்லை

6061 டி6 அலுமினியப் பட்டை ஒன்றை 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனில் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மாடுலஸ் 69 ஜிகாபாஸ்கல். எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டி 1 கிலோநியூட்டன் ஏற்றினால் 50 மி.மீ. நீளத்தில் 0.036 மி.மீ. காட்ட வேண்டும். கருவியைப் பட்டையின் மறுபக்கம் மாட்டி இன்னொரு முறை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறாக வந்து சராசரி சரியாக இருந்தால் பட்டை வளைகிறது, அதாவது கிரிப் கோடு தள்ளியிருக்கிறது. சராசரியே தவறினால் எக்ஸ்டென்சோமீட்டரைப் பெட்டியில் போட்டு அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: ஐந்து சாம்பிள், ஐந்து எண்

முதலில் அளந்த கருவியைப் பாருங்கள். 4 மி.மீ. தடிமனில் 0.1 மி.மீ. தவறினால் இழுவலிமையில் 2.5 சதவீதம் போய்விடும். வெர்னியர் வேண்டாம். வார்த்த டம்பெல்லின் நடுப்பகுதி சுருங்கிக் குழிந்திருக்கும், வெர்னியரின் தட்டையான தாடை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நடுவை விட்டுவிடும். மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளவெடுங்கள். ஒரு சாம்பிளை அளந்து அதே எண்ணை ஐந்துக்கும் போடும் பழக்கம் உங்கள் கூடத்தில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அளவு சரி என்றால் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பளபளப்பான சின்னக் குழி தெரிந்தால் வார்ப்பில் காற்றுக்குமிழியோ சுருக்கக் குழியோ இருக்கிறது. மோல்டரிடம் ஹோல்டிங் பிரஷரை (மோல்டு நிரம்பிய பின் கொடுக்கும் அழுத்தம்) பற்றிப் பேச வேண்டும். கறுப்புப் புள்ளி இருந்தால் வார்ப்பு மிஷினின் பேரலில் கருகிய பிளாஸ்டிக். இரண்டும் இல்லை, ஆனால் முதல் சில சாம்பிள் மட்டும் வித்தியாசம் என்றால் வார்ப்பு மிஷின் சூடு நிலைப்படுவதற்கு முன் வார்த்தவை அவை. ஷாட் எண் (வார்த்த வரிசை) எழுதாமல் ஒரே பையில் கொட்டிக் கொடுத்திருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கிளாஸ் ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்கில் இன்னொன்று. உருகி ஓடிய திசையில்தான் நார்கள் படுத்திருக்கும். பாகத்திலிருந்து நீளவாக்கில் இரண்டும் குறுக்குவாக்கில் மூன்றும் வெட்டி இழுத்தால் எண் சிதறத்தான் செய்யும். அதைச் சிதறல் என்றே சொல்லக் கூடாது.

## அறிகுறி: எல்லா எண்ணும் ஒரே மாதிரி குறைவு

சிதறல் இல்லாமல் எல்லாமே இறங்கியிருந்தால் நல்ல செய்தி, காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்.

- சுமார் பத்தில் ஒரு பங்கு வந்தால் யூனிட்தான். விசை கிலோகிராமில் பதிவாகி, அறிக்கையில் நியூட்டன் என்று அச்சாகிறது. இரண்டுக்கும் நடுவில் 9.8 மடங்கு.
- வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் எடுத்த டேட்டாஷீட்டோடு 5 மி.மீ. வேகத்தில் இழுத்த எண்ணை ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். மெதுவாக இழுத்தால் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும்.
- ஏசி வேலை செய்கிறதா? 23 டிகிரிக்குப் பதில் 32 டிகிரியில் இழுத்த பாலிப்ரொப்பிலீன் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கும்.
- பாலிகார்பனேட், பிபிடி, பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் என்றால் குருணையை உலர்த்தினார்களா என்று கேளுங்கள். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் வேண்டும். ஈரத்தோடு வார்த்தால் உருகும்போதே சங்கிலி அறுந்துபோகும், மெல்ட் ஃப்ளோ (உருகியது ஓடும் வேகம்) ஏறியிருக்கும். டம்பெல் மேல் வெள்ளிக் கோடுகள் இருந்தால் கேட்கவே தேவையில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் லோடு செல். தெரிந்த 10 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள், 98 நியூட்டன் காட்ட வேண்டும். ஒரு நியூட்டன் அங்கே இங்கே போகலாம். 10 நியூட்டன் தள்ளினாலோ, எடையை எடுத்த பிறகு சுழிக்குத் திரும்பாவிட்டாலோ செல் ஒரு முறை அடி வாங்கியிருக்கிறது. யாரோ கிராஸ்ஹெட்டை இறக்கும்போது கிரிப்போடு கிரிப் மோதியிருப்பார்கள், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இனி ஆளைக் கூப்பிடும் நேரம்.

## அறிகுறி: கார்பன் ஃபைபர் சாம்பிளில் டேப் கழன்றுவிடுகிறது

பிளாஸ்டிக்கிலிருந்து காம்போசிட்டுக்கு (நாரும் ரெசினும் சேர்ந்த பொருள்) வரும் கூடங்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. டேப் என்பது கிரிப் பிடிக்கும் முனையில் இரண்டு பக்கமும் ஒட்டும் சிறு தகடு. ஏஎஸ்டிஎம் டி3039 தரநிலை ஒருதிசை நார் சாம்பிளுக்குச் சொல்லும் அளவு 250 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன், இரண்டு முனையிலும் 56 மி.மீ. டேப். கணக்குப் போடுங்கள். 2000 மெகாபாஸ்கல் தாங்கும் லேமினேட் (நார் அடுக்குகளை ஒட்டிச் செய்த தகடு) என்றால் 30 கிலோநியூட்டன். 10 கிலோநியூட்டன் மிஷினை வைத்துக்கொண்டு இதைத் தொடவே வேண்டாம். அந்த 30 கிலோநியூட்டனும் இரண்டு பக்க டேப்பின் பசை வழியாகப் போகிறது. பரப்பு 1680 சதுர மி.மீ., சராசரியே 18 மெகாபாஸ்கல், டேப்பின் உள் ஓரத்தில் அதைவிட அதிகம். கிரிப்பின் அழுத்தம் கொஞ்சம் உதவும். ஆனால் ஹார்டுவேர் கடை ஐந்து நிமிட எப்பாக்சியிடம் இதைக் கேட்பது பாவம்.

கழன்ற டேப்பைத் திருப்பிப் பாருங்கள்.

### பசை முழுவதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கிறது

பசை இல்லாத பக்கம் சரியாகத் தயார் செய்யப்படவில்லை. மோல்டில் ஒட்டாமலிருக்கப் பூசிய ரிலீஸ் ஏஜென்ட் அப்படியே இருக்கும். உப்புத்தாளால் பளபளப்புப் போகும் வரை லேசாகத் தேய்த்து, புதுத் துணியில் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். மேல் நார்களை அறுக்கும் அளவுக்குத் தேய்க்காதீர்கள்.

### இரண்டு பக்கமும் பசை இருக்கிறது, நடுவில் கிழிந்திருக்கிறது

பசைக்கு வலு போதவில்லை அல்லது வேகவில்லை. கலவை விகிதத்தைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், ஓவனில் பசைக்குச் சொல்லப்பட்ட சூட்டில் வேகவிடுங்கள்.

### லேமினேட்டின் ஒரு அடுக்கே டேப்போடு வந்துவிட்டது

பசை தன் வேலையைச் செய்துவிட்டது. குறை லேமினேட்டின் அடுக்குகளுக்கு நடுவில். தகடு செய்தவரிடம் திரும்பப் போக வேண்டியதுதான்.

### டேப் நிற்கிறது, ஆனால் அதன் ஓரத்திலேயே உடைகிறது

டேப்பின் உள் முனை செங்குத்தாக இருந்தால் 7 டிகிரி சரிவாகத் தேயுங்கள். அப்புறம் இரண்டு பக்க டேப்பும் ஒரே தடிமனா என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். அதற்கும் மேல் உடைந்தால் சாம்பிள் வளைகிறது என்று பொருள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என மூன்று ஸ்ட்ரெயின் கேஜ் (ஸ்ட்ரெயினை அளக்கும் சின்னப் பட்டை) ஒட்டி வளைவுச் சதவீதம் பார்க்கலாம். 3 முதல் 5 சதவீதத்துக்குள் வைப்பது நல்ல கூடத்தின் அடையாளம். கேஜ் ஒட்டத் தெரியாதவர்கள் பழக இது நேரமில்லை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

### நீளவாக்கில் ஈர்க்குச்சி போலப் பிளந்துகொள்கிறது

கடைசி நொடியில் வெடித்துத் துடைப்பம் மாதிரி ஆனால் அது நல்ல உடைவுதான். பாதி விசையிலேயே ஒரு பக்கம் பட்டையாகக் கிழிந்தால் நார்த் திசைக்குச் சாய்வாக வெட்டியிருக்கிறீர்கள். தகட்டின் ஓரத்தில் ஒரு பட்டையை நார் வழியே கையால் பிளந்து எடுங்கள். அந்தப் பிளவுதான் உண்மையான நார்த் திசை, அதை ஆதாரமாக வைத்து வெட்டுங்கள். தகட்டின் ஓரத்தை நம்பக் கூடாது.

வலிமை, மாடுலஸ் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தடிமனை அளந்து பாருங்கள். ரெசின் அதிகமாகித் தடித்திருக்கும். கிளாஸ் ஃபைபர் என்றால் 565 டிகிரி உலையில் ரெசினை எரித்து மிச்சத்தை நிறுத்தாலே தெரிந்துவிடும். கார்பனை அப்படி எரிக்காதீர்கள், நாரும் சேர்ந்து போகும்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும், கம்ப்யூட்டர் பக்கத்தில் ஊதித் துடைக்காதீர்கள். வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள்.

## அறிகுறி: வளைவுச் சோதனை எண் ஒத்துவரவில்லை

இரண்டு தாங்கிகள் மேல் சாம்பிளை வைத்து நடுவில் அழுத்தும் சோதனை இது. பார்க்க வேண்டியது மூன்று விஷயம்தான். தடிமன் இங்கே வலிமையில் வர்க்கமாகவும் (இரண்டாம் படி) மாடுலஸில் கனமாகவும் (மூன்றாம் படி) வரும். 4 மி.மீ.யில் 0.1 மி.மீ. தவறு என்றால் வலிமையில் 5 சதவீதம், மாடுலஸில் 7.5 சதவீதம். அடுத்து, தாங்கிகளுக்கு இடையிலான தூரம். தடிமனைப் போல 16 மடங்கு வேண்டும், 4 மி.மீ.க்கு 64. கார்பன் காம்போசிட்டுக்கு 16 மடங்கு போதாது, ஏஎஸ்டிஎம் டி7264 சொல்வது 32. குறைந்தால் அடுக்குகள் வழுக்கி மாடுலஸ் குறைவாகத் தெரியும். கடைசியாக, பாலிப்ரொப்பிலீன் உடையவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அது உடையாது. ஐஎஸ்ஓ 178இல் 3.5 சதவீத ஸ்ட்ரெயினில் உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த சாம்பிளை வையுங்கள்.

## அறிகுறி: ஐசாட் எண் நம்ப முடியாத அளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது

ஐசாட் என்பது பெண்டுலத்தால் அடித்துச் சாம்பிளை முறிக்கும் சோதனை. யூனிட்டிலேயே பாதிச் சண்டை. ஏஎஸ்டிஎம் டி256 ஜூல் ஒரு மீட்டருக்கு என்று கொடுக்கும், ஐஎஸ்ஓ 180 கிலோஜூல் ஒரு சதுர மீட்டருக்கு. ஒன்றை மற்றதாக மாற்றி ஒப்பிடாதீர்கள், சாம்பிளின் அளவே வேறு. பாலிகார்பனேட்டில் 3.2 மி.மீ. சாம்பிள் நன்றாகத் தாங்கும், 6.4 மி.மீ. சாம்பிள் அதே நாட்ச்சில் (சாம்பிளில் வெட்டும் பள்ளம்) பிஸ்கட் போல முறியும். அதில் கோளாறு எதுவும் இல்லை.

யூனிட் சரி என்றால் நாட்ச். அடி ஆரம் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். கட்டர் மழுங்கினால் ஆரம் பெரிதாகி எண் ஏறும், வேகமாக வெட்டி உருகினாலும் அப்படியே. புரொஃபைல் புரொஜெக்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நாட்ச் சரி என்றால் சாம்பிள் இல்லாமல் பெண்டுலத்தை விட்டுப் பாருங்கள், சுழிக்கு அருகே வராவிட்டால் பேரிங் உராய்கிறது. பேரிங்கில் நீங்களே எண்ணெய் விட வேண்டாம், அளவுத்திருத்தம் செய்பவர் வந்து பார்க்கட்டும்.

## ஆளைக் கூப்பிடும்போது

ஒப்பீட்டுச் சாம்பிளின் பழைய எண், இன்றைய எண், 10 கிலோ எடை காட்டியது, அலுமினியப் பட்டை காட்டியது, உடைந்த துண்டுகளின் கவர் ஆகியவற்றை மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஐஎஸ்ஓ 7500-1 வகுப்பு 1 என்றால் விசையில் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எந்த அளவு விசையிலிருந்து சரிபார்த்தார் என்றும் கேளுங்கள். சான்றிதழ் 200 நியூட்டனில் தொடங்கினால், 40 நியூட்டனில் அறுந்த உங்கள் ஃபிலிம் சாம்பிளுக்கு அந்தச் சான்றிதழ் பேசாது, சின்ன லோடு செல் ஒன்று வாங்க வேண்டும். மிஷினை இடம் மாற்றினால், பக்கத்து அறைக்குத்தான் என்றாலும், சான்றிதழில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும், மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.